அப்பாவைக் கழற்றி வைத்த ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியானால் நாங்கள் அப்பாவைச் சுவரிலிருந்து கழற்றி, உடுப்புத் தோய்க்கும் அறையில், மெஷினுக்குப் பின்னால், சுவரைப் பார்க்க நிறுத்தி வைப்போம். அது என் வேலை. எட்டு வயதில் அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அதுதான் என்பதால் மிகவும் பொறுப்பாகச் செய்தேன்.

கழற்றியது அப்பாவின் படத்தைத்தான். அவுஸ்திரேலிய இராணுவச் சீருடையில், ஒரு பக்கம் மடித்த தொப்பியோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார். சிட்னிக்குத் தென்மேற்கே, முகாமுக்குப் பக்கத்தில், படைக் குடும்பங்களுக்கென்று கட்டிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா முகாமில் லொறி திருத்துபவர். நான் படத்தைக் கொண்டுபோகும் நேரத்தில் அம்மா கொடியில் காயும் சீருடைகளை அள்ளி வருவாள். சப்பாத்துகள் கட்டிலுக்கு அடியில் போகும். பிறகு அம்மா சீனி டின்னில் ஃபோனைச் சாய்த்து வைத்து, கமராவுக்குள் எது எது தெரிகிறது என்று ஒருமுறை பார்ப்பாள். மூன்றரைக்கு மன்னாரிலிருந்து அம்மப்பா வீடியோவில் வருவார்.

அம்மப்பா என்றால் அம்மாவின் அப்பா. அவரிடமிருந்துதான் இத்தனை ஒளிப்பும். அம்மாவின் அண்ணனை, எனக்கு மாமாவாக இருந்திருக்க வேண்டியவரை, ஒரு நாள் பஸ்ஸிலிருந்து ஆமி இறக்கியது. விசாரித்துப்போட்டு விடுகிறோம் என்றார்களாம். மகன் வருவான் என்று அம்மப்பா அன்றிலிருந்து வீட்டு வாசல் படலையைப் பூட்டியதில்லை. தன் சொந்தத் தம்பி ஊரிலிருந்த ஆமி முகாமுக்கு மீன் விற்றார் என்பதற்காக, ஒரே மாதா கோயிலில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பூசை கண்டும், அவரோடு பதினெட்டு வருசம் பேசாமல் விட்ட மனிதர் அவர்.

அப்படிப்பட்டவரிடம், உங்கள் மருமகனும் ஆமியில் சேர்ந்துவிட்டார் என்று யார் போய்ச் சொல்வது? இது வேறு நாட்டு ஆமி என்று விளக்கலாம்தான். ஆனால் அம்மாவின் ஊரில் ஆமி என்ற சொல்லுக்கு நாடு கிடையாது. கலியாணம் செய்தபோது அப்பா ஒரு கராஜில் வேலை செய்தார். நான் பிறந்த பிறகு, நிரந்தர வேலையும் வீடும் கிடைக்கும் என்று படையில் சேர்ந்தார். அம்மா ஊருக்குக் கராஜ் என்றே சொல்லி வந்தாள். முகாமிலும் கராஜ் இருக்கிறதே, பொய்யில்லை என்பது அவளுடைய நியாயம். வெறும் குரலோடு பேசிய காலத்தில் அந்த நியாயம் பிழையில்லாமல் ஓடியது. சித்தியின் மகன் அம்மப்பாவுக்குக் கமரா வைத்த ஃபோன் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது.

அந்த வருசம் அப்பாவை ஏழு மாதத்துக்கு மத்திய கிழக்குக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர்ச் சனம் பாதி மத்திய கிழக்கில்தான் வேலை செய்கிறது. அம்மாவும் இவர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லித் தப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஆனால் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவன் திரும்ப வெளிக்கிட்டு அங்கே போவானா? ஊரில் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆகவே அப்பா சிட்னியிலேயே இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதோறும் டபிள் ஷிஃப்ட் செய்துகொண்டு.

அப்பா போன அன்று பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரி ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலோடு வந்தா. அவவின் கணவரும் அதே விமானத்தில் போனவர். போத்தலுக்குள் இருநூற்றுப் பத்து இனிப்புகள். ஒவ்வொரு நாளும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று சாப்பிட வேண்டும், போத்தல் முடியும் அன்று அப்பா வருவார் என்றா. படைக்காரர் வீடுகளில் இது வழக்கமாம். அம்மா அவவுக்கு ஒரு பெட்டி நிறையக் கட்லட் பொரித்துக் கொடுத்தாள். இருவரும் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் ஆங்கிலத்தில் அழுவதற்கு அவ்வளவுதான் வசதி இருந்தது.

அம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சிட்னியில் டூங்கபிப் பக்கம் மாதத்தில் ஒரு நாள் தமிழ்ப் பூசைக்குப் போவோம். அங்கே அன்ரிமார் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் கவர்மென்ட் என்பாள், எந்த ஒஃபிஸ் என்று கேட்பதற்குள் காருக்கு வந்துவிடுவாள். புருசன் இல்லாத துக்கத்தை ஊருக்குச் சொல்ல முடியாது. ஊர் இல்லாத துக்கத்தை, தூசியும் இரைச்சலுமாக வாரத்தில் பத்து நிமிசம் வந்து அறுந்துபோகும் அப்பாவின் ஃபோனில் சொல்ல மனம் வராது. மிச்சம் இருந்தது நான். எனக்கோ அந்த ஒரு கவலைதான்: ஞாயிறு தவறாமல் என் அப்பாவைக் குற்றம் செய்த பிள்ளை போலச் சுவரைப் பார்க்க நிறுத்துகிறோமே.

மூன்றாவது ஞாயிறு. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அன்ரி. உள்ளே வந்தால், ஹஸ்பண்டிடமிருந்து செய்தி வந்ததா என்று உரக்கக் கேட்பா. அம்மா என்னை ஃபோனுக்கு முன்னால் இருத்திவிட்டு ஓடினாள்.

அம்மப்பா என்னிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து, அது என்ன போத்தல் என்று கேட்டார். ஒருவரும் என்னிடம் போத்தலைப் பற்றிச் சொல்லாதே என்று சொல்லியிருக்கவில்லை. அப்பா வர இன்னும் நூற்றெண்பத்தொன்பது இருக்கிறது என்றேன்.

"அப்பா எங்க போனவர், பிள்ளை?"

சொல்லத் தெரியவில்லை. காட்டத் தெரிந்தது. ஓடிப்போய் மெஷினுக்குப் பின்னாலிருந்து படத்தைத் தூக்கி வந்து கமராவுக்கு முன்னால் பிடித்தேன். அப்பா நல்ல வெளிச்சத்தில் இருந்தார். எனக்குப் பெரிய நிம்மதி.

அம்மப்பா முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் ஒரு கண்ணும் வெள்ளைப் புருவமும் மட்டும் தெரிந்தன. பிறகு, துவக்குத் தூக்குகிறாரா என்று கேட்டார். இல்லை, லொறி திருத்துகிறார் என்றேன். அங்கே சரியான வெயில், முட்டை பொரிக்கலாமாம் என்றும் சொன்னேன். அடுத்த கேள்வி அம்மாவைப் பற்றி.

"அம்மா அழுறவவோ?"

"இல்லை. பாத்ரூமில நெடுக தண்ணியைத் திறந்து விடுறவ. பில் கூடும் எண்டு அப்பா வந்து ஏசப்போறார்."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாவைக் கொண்டுபோய் இருந்த இடத்தில வை. நீ காட்டேல்லை, நான் பாக்கேல்லை. அம்மாட்ட ஒண்டும் சொல்லாதை, என்ன?"

ஓம் என்றேன். ஏற்கெனவே அம்மாவின் ஒரு ரகசியம் என்னிடம் இருந்தது. இப்போது இரண்டு. வகுப்பில் வேறு ஒருத்தரிடமும் இவ்வளவு இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மப்பா மருமகன் எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அம்மா டபிள் ஷிஃப்ட்டை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், அவர் கேட்கவே மாட்டார். முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, போகப்போக மனம் நொந்துபோனாள். அப்பா ஃபோன் எடுத்த ஒரு நாள், மாமனாருக்கு உங்களில் என்ன கோபமோ, ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை என்று குறைப்பட்டாள். நான் பக்கத்தில் இருந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றும் பிள்ளை அல்லவா.

அம்மப்பா மருமகனுக்குப் பதிலாக என்னைத்தான் விசாரித்தார். போத்தலில் எவ்வளவு மிச்சம் என்பார். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அவர் எழும்பிப்போய், பின்சுவரில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கோயில் கலண்டரில் ஏதோ கீறிவிட்டு வந்து இருப்பார். நான் நிறைய இனிப்புத் தின்று பல்லைக் கெடுக்கிறேன் என்று அவர் கவலைப்படுவதாக அம்மா விளங்கிக்கொண்டாள். "ஏசுங்கோ அப்பா, நான் சொன்னாக் கேக்கிறாளில்லை" என்பாள். அவர் எனக்கு ஏசுவார். நானும் தலையைக் குனிவேன். மூன்று பேரும் மூன்று விசயம் பேசிக்கொண்டு சந்தோசமாக இருந்தோம்.

ஒரு ஞாயிறு நாற்பத்திரண்டு என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு முப்பத்தைந்து இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தாறு. திரும்ப எண்ணினேன், ஐம்பத்தாறுதான். நான் கழித்தல் கணக்கில் மட்டம் என்று ரீச்சர் எழுதி அனுப்பிய கிழமை அது. ஆகவே பிழை என்னுடையது என்று முடிவுகட்டி, கொஞ்சம் வெட்கத்தோடு அம்மப்பாவிடம் ஐம்பத்தாறு என்றேன்.

அவர் கலண்டரிடம் போகவில்லை. அம்மாவைப் பார்த்தார். "ஏன் பிள்ளை கூடினது?" என்று கேட்டார்.

அம்மா போத்தலைத் திரும்பிப் பார்த்தாள். கடையில் மலிவாகப் போட்டிருந்தார்கள், கூட வாங்கிப் போட்டேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அப்பாவின் பயணத்தை மூன்று கிழமை நீட்டிவிட்டார்கள் என்ற செய்தி அந்த வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தது. அதை எனக்குச் சொல்ல மனமில்லாமல், நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் இருபத்தொரு இனிப்பு வாங்கிப் போத்தலில் போட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அம்மப்பா வழக்கமாகக் கால் மணித்தியாலத்துக்கு மேல் பேசமாட்டார். டேட்டா முடிந்துவிடும் என்ற பயம். அன்றைக்கு அவர் வைக்கவேயில்லை. கடல் கொந்தளித்ததைச் சொன்னார். சேவலை நாய் கடித்ததைச் சொன்னார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் வேறொன்று சொன்னார்.

"நீ சமை, மகள். நான் சும்மா இருக்கிறன்."

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டினாள், பருப்புக் கழுவினாள், மீன் குழம்பு வைத்தாள். அம்மப்பா சீனி டின்னில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். புளி காணாது என்று ஒருமுறை சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். வெட்டிய வெங்காயத்துக்கு அம்மா அவ்வளவு அழுததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அன்றிரவு பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். விமான நிலையத்தில் நான் கழுத்தில் தொங்கினேன், அம்மா ஒரு கையால் அவரையும் மறு கையால் வாயையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அப்பா குளித்து முடிக்க மணி மூன்று. அம்மாவுக்குப் பதற்றம். மணல் ஒட்டிய பைகளை நாங்கள் இழுத்துக்கொண்டுபோய் மெஷின் அறைக்குள் அடைத்தோம், அப்பாவின் படத்தோடு. உண்மையான அப்பாவுக்குச் சாரம் கட்டி, சேட் போட்டு, தலை வாரி, ஃபோனுக்கு முன்னால் கதிரையில் இருத்தினோம். இன்றைக்கு ஷிஃப்ட் இல்லை என்று சொல்லுங்கள் என்று அம்மா பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

அம்மப்பா வெகு நேரம் அப்பாவைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். இரண்டு கையையும் பார்த்தார்.

"தம்பி, மெலிஞ்சு போட்டீங்கள்," என்றார். பிறகு, "வந்து சேந்திட்டீங்கள். அது போதும்."

அப்பா, ஓம் மாமா, இன்றைக்கு ஷிஃப்ட் இல்லை என்றார். அம்மப்பா தலையாட்டினார். என்னைக் கூப்பிட்டு, போத்தல் எங்கே என்றார். நான் வெறும் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். பல்லைத் தீட்டு என்று சொல்லிவிட்டுக் கலண்டரிடம் எழும்பிப் போனார்.

எனக்குப் பதின்மூன்று வயதாகும்போது அம்மப்பா போனார். அம்மா தனியாகப் போய் அடக்கம் முடித்து வந்தாள். பெட்டியிலிருந்து கொஞ்சக் கருவாட்டையும் ஒரு பழைய கோயில் கலண்டரையும் எடுத்து மேசையில் வைத்தாள். மாமாவின் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகியிருந்ததாம். மருந்து குடித்த கணக்கோ தெரியாது, நாள் நாளாகக் கீறி வைத்திருக்கிறார் என்று தாள்களைப் புரட்டினாள். ஒக்டோபரில் ஒரு நாளுக்கு வட்டம் போட்டு, அதைக் குறுக்கே வெட்டி, மூன்று கிழமை தள்ளி இன்னொரு வட்டம் போட்டிருந்தது. அம்மாவின் விரல் அதில் நின்றது.

"இது அப்பா வந்த நாளெல்லோ?"

சொன்னேன். போத்தல், படம், பாத்ரூம் தண்ணீர், எல்லாம். ரகசியத்துக்கு உரியவர் போய்விட்டார், இனிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். படம் காட்டியது எந்த ஞாயிறு என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது என்றேன். அவள் விரலை வைத்து அங்கிருந்து எண்ணத் தொடங்கினாள்.

தெரியும் என்று சொல்லியிருந்தால் அம்மப்பா கோபப்பட்டே ஆக வேண்டும். தம்பியை விலக்கியவர் மகளுக்கு மட்டும் எப்படி விலக்குக் கொடுப்பார்? தெரியாதவராக இருந்தால்தான் ஞாயிறுகளில் பேசலாம், அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆமி கொண்டுபோன ஒருவருக்காகப் படலையைத் திறந்து வைத்திருந்த மனிதர், ஆமியாகவே போன ஒருவருக்காக நாளைக் கீறிக்கொண்டிருந்தார். இதை இப்போது என்னால் எழுத முடிகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முப்பது ஞாயிறு," என்றாள் அம்மா. "அம்மப்பாவுக்குத் தெரியும் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மகள்."

"நீங்கள் ரெண்டு பேரும்தானே சொல்லாதை எண்டனீங்கள்," என்றேன் நான். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்றே அப்போதும் நினைத்தேன்.