கறார் சிஸ்டர் காட்டிய இரக்கம்

நுரையீரல் வார்டில் அவளுக்குக் கறார் சிஸ்டர் என்று பெயர். பார்வையாளர் நேரம் முடிந்து ஒரு நிமிடம் ஆனாலும் சொந்த மாமனாரையே வெளியே அனுப்பிவிடுவாள் என்பார்கள். புது ஊசி ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் உறைகளின் பொறுப்பைப் பெரிய டாக்டர் அவளிடம் கொடுத்ததும் அந்தப் பெயரை நம்பித்தான்.

நோயாளி சம்மதக் கையெழுத்துப் போட்டதும், குலுக்கி அடுக்கிய வரிசைப்படி அடுத்த உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே ‘புதிது’ என்றிருந்தால் புது ஊசி, ‘பழையது’ என்றிருந்தால் வழக்கமான மருந்து. யாருக்கு எது என்பதில் மனிதர் கை வைக்கவே கூடாது.

அவள் வைத்தாள். எக்ஸ்ரே பார்க்கும் விளக்கின் மேல் உறையை வைத்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரிந்தது. ‘புதிது’ என்றால் மூச்சுக்குத் தவிப்பவரைக் கூப்பிடுவாள். ‘பழையது’ என்றால் மாடிப்படி ஏறி வந்தவரை. சாகக் கிடப்பவரைக் குலுக்கலில் விட அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் அண்ணனுக்கும் அதே நோய். ஊழியர் குடும்பத்தை ஆய்வில் சேர்க்கக் கூடாது; ஊசி தேறி வெளியே வந்தால்தான் அவருக்குக் கிடைக்கும்.

இரண்டு வருடம் கழித்துக் கணக்கு வந்தது. புது ஊசி போட்டவர்களில் இரண்டு மடங்கு பேர் செத்திருந்தார்கள். நிறுவனம் மருந்தையே கைவிட்டது. சாகப் போகிறவர்களையெல்லாம் பொறுக்கியெடுத்து அந்தப் பக்கம் அனுப்பியது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள்.

அவர் கணக்குத் தாளை மூடி வைத்தார்.

“அப்போ அந்த ஊசி நல்லதா கெட்டதான்னு யாருக்குமே தெரியாது சிஸ்டர். ஆய்வுல சேர்ந்த இருநூறு பேரும் வீண்.”

“முதல்லேர்ந்து பண்ண முடியாதா சார்?”

“எழுதி அனுப்புறேன். மூடினதைத் திறக்க மாட்டாங்க. நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

வீட்டில் அண்ணன் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஊசி தோற்ற செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

“என்னையும் சேர்த்துவிடுன்னு உன்கிட்ட எத்தனை சண்டை போட்டேன். நல்லவேளை, நீ மசியல. சேர்ந்திருந்தா இந்நேரம் போயிருப்பேன்மா.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்த நிம்மதியும் போய்விடும். “ஆமாண்ணா” என்றாள்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், தன் உயிரைக் காப்பாற்றியவள் தங்கைதான் என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டு, அவர் இன்னும் நான்கு மாதம் இருந்தார்.