முதல் தேத்தண்ணி யார் ஊத்துற?

பிலிமத்தலாவையில் டயர்க்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஜவாஹிரின் ட்ரவல்ஸ். இந்தியா போக நினைத்து யார் அந்தப் படி ஏறினாலும் அவர் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை அல்ல. தாஜ்மஹாலா காஷ்மீரா என்றும் கேட்கமாட்டார். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "உங்கட வீட்டுல காலையில முதல் தேத்தண்ணிய ஊத்துறது யாரு?" என்பார்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். டிக்கட் கேட்டு வந்த இடத்தில் இதென்ன கூத்து என்று சிலருக்குக் கோபம்கூட வரும். மனிதர் விடுவாரா? தேத்தண்ணி ஊற்றுகிறவர்தான் அந்த வீட்டில் ஓய்வே இல்லாத ஆள். பயணம் அவருக்காகத்தான், மற்றவர்கள் கூடப் போகிறவர்கள். இதுதான் ஜவாஹிரின் தொழில் இரகசியம். அந்த ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, படி ஏற முடியுமா, பஸ்ஸில் தலை சுற்றுமா, சோறில்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று குடைந்து குடைந்து கேட்பார். நாவலப்பிட்டிப் பக்கத்துப் பொன்னையா, தமிழ்நாட்டுக் கோயில் ஒன்று பாக்கியில்லாமல் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். அவர் மனைவி ராக்கம்மாவை விசாரித்துவிட்டு, ஜவாஹிர் நடுவில் ஒரு நாளை ஒன்றுமே போடாமல் வெறுமனே விட்டார். திரும்பி வந்த ராக்கம்மா, ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, "அன்னைக்குத்தாங்க நான் மனுசியா தூங்குனேன்" என்றாள்.

நம் ஆட்களோடு அவருக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. காலைச் சாப்பாடு டில்லியில், பகல் சாப்பாடு அஜ்மீரில், ராச்சாப்பாடு மும்பாயில் என்று கூசாமல் கேட்பார்கள். கண்டியில் பஸ் ஏறி, பசிக்க முன்னமே கடலில் கால் நனைக்கிற தீவுக்காரர்கள், வேறெப்படிக் கேட்பார்கள்? "அது நம்மட ஊர் மாதிரி பொழுதுபட முடிஞ்சுபோற நாடில்ல நானா! தண்டவாளத்துல நாள்கணக்கா கோச்சி ஓடினாலும் மிச்சம் கிடக்கிற நாடு" என்று போனிலும் கத்துவார், வீட்டில் சாப்பிடும்போதும் கத்துவார்.

இவ்வளவும் கத்துகிற மனிதர் ஒரு தடவைகூட இந்தியா போனதில்லை. எப்படிப் போவது? சென்னையில் வான் வரவில்லை, ஆக்ராவில் அறையில் சுடுதண்ணி இல்லை என்று போன் வந்துகொண்டே இருக்கும். தொழுகைக்கும் தூக்கத்துக்கும் தவிர அது அவர் கையை விட்டு இறங்காது.

அவர் மனைவி மஸீனாவுக்கு இந்தியா காட்டுவதாகக் கல்யாணத்தன்றே வாக்குக் கொடுத்திருந்தார். மகள் அம்னா பிறக்கட்டும் என்றார். அம்னா படித்து முடிக்கட்டும் என்றார். பிறகு அம்னாவின் கல்யாணம் முடியட்டும் என்றார். போன வருஷம் அதுவும் முடிந்து, சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மஸீனாவின் தங்கை கைரியா வந்து சேர்ந்தாள். பெண்கள் மட்டும் போகிற டில்லி, காஷ்மீர் பயணத்தில் ஓர் இடம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். வேறு கம்பனிப் பயணம் என்பதை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னாள்.

"மச்சானை நம்பிக்கொண்டு இருந்தா கப்ருக்குழிக்குத்தான் போவீங்க ராத்தா, காஷ்மீருக்கில்ல!"

மஸீனா சிரித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் ஜவாஹிருக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் அனுப்புகிறவனின் மனைவி வேறொருவன் பஸ்ஸிலா என்ற ரோசம் ஒரு பக்கம். அது போகட்டும். இனி என்னோடு வரவே அவளுக்கு விருப்பம் இல்லையோ என்ற பயம்தான் மனிதரைப் போட்டு ஆட்டியது.

மறுநாளே ஒரு திட்டம் போட்டுக் கொண்டுவந்தார். டில்லி, ஆக்ரா, அஜ்மீர், காஷ்மீர், நாளுக்கு மூன்று இடம். மஸீனா வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று அச்சாறுப் போத்தலுக்கு அடியில் வைத்தாள். அடுத்தது கேரளம், படகு வீடு. "இதும் நல்லாத்தான் இருக்கு." மூன்றாவது ஹைதராபாத், சாரிக்கடை, பிரியாணி. அதுவும் நல்லாத்தான் இருந்தது. நம் வீடுகளில் 'நல்லாத்தான் இருக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் முடித்த எந்த ஆணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் போட்ட திட்டத்தை எந்தக் கஸ்டமரும் திருப்பியது கிடையாது. சொந்த மனைவி மூன்றைத் திருப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை பகல், ட்ரவல்ஸ் கந்தோரில் வேலை செய்யும் நிரோஷா எட்டிப் பார்த்து, "சேர், வீட்டம்மா வந்திருக்காங்க" என்றாள்.

பின்னாலேயே மஸீனா. கல்யாண வீட்டுக்குப் போடுகிற அபாயா போட்டிருந்தாள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நேராக வந்து கஸ்டமர் கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்ன, வீட்டுல ஏதும்..." என்று ஜவாஹிர் பதறி எழுந்தார்.

"வீட்டுல ஒண்டுமில்ல. இந்தியா போகணும். கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"எல்லாருட்டயும் கேக்குறத."

நிரோஷா வாயைப் பொத்திக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பினாள். ஜவாஹிர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்துச் சமாளிக்கப் பார்த்து, "உங்கட வீட்டுல காலையில முதல் தேத்தண்ணிய..." என்றார்.

இன்று சுபஹுத் தொழுகைக்கு முன் அவர் தலைமாட்டில் கோப்பை இருந்தது. நேற்றும் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் கொதித்த நாளிலும் இருந்தது. அம்னா புருஷன் வீட்டுக்குப் போன மறுநாள், அடுப்படியில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அதே இடத்தில் கோப்பையை வைத்தாளே! ஊரிலுள்ள அத்தனை பெண்களிடமும் கேட்டவன் இவளிடம் கேட்கவேயில்லை. தெரிந்த பதில்தானே என்று விட்டுவிட்டான். மனிதருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நான்தான்" என்றாள் மஸீனா, அவர் முடிப்பதற்குக் காத்திராமல். "அடுத்தத கேளுங்க."

"எங்க போக விருப்பம்?" குரல் இறங்கிப் போயிருந்தது.

"எங்கயும் இறங்க விருப்பமில்ல."

"விளங்கல்லயே மஸீனா."

"கடுகண்ணாவையில எங்கட வீட்டுக்குப் பின்னாலதானே கோச்சி ஓடுற. எத்தனை தரம் ஏறியிருப்பன்! சாஞ்சி உக்காந்து கொஞ்சம் யோசிப்பம் எண்டு பார்த்தா இறங்குற இடம் வந்திரும். இறங்கினா ஒரு வேலை. கல்யாண வீடு, மையத்து வீடு, ஆஸ்பத்திரி. அந்த நாட்டுல நாள்கணக்கா கோச்சி ஓடுற எண்டு நீங்கதானே போன்ல கத்துவீங்க? எனக்கு அது வேணும். படுத்து எழும்பினாலும் கோச்சி ஓடிக்கொண்டே இரிக்கணும். யாரோ ஒருத்தன் தேத்தண்ணி, தேத்தண்ணி எண்டு கத்திக்கொண்டு வரணும். நான் உக்காந்த இடத்துல வாங்கிக் குடிக்கணும். தாஜ்மஹாலை ஜன்னலால கண்டா காணுவம், காணாட்டிப் போகட்டும்."

ஜவாஹிர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "கைரியாவோடயா?"

"அவள் வழி முழுக்கப் பேசுவாள். எனக்குப் பேசாம இருக்கிற ஆள் ஒண்டு வேணும். வீட்டுல நீங்க அப்படித்தானே?" என்று சிரித்தவள் அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். "ஆனா அம்னாட வாப்பா, அது வரப்படாது."

அந்தப் பொல்லாத போன் அப்போதுதானா அடிக்க வேண்டும்! சென்னை இலக்கம். இன்னும் ஏதோ ஒரு வான் வரவில்லை. மஸீனா கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள். அவள் எழும்பப் போகிறாள் என்று ஜவாஹிருக்கு விளங்கிவிட்டது. போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைக்கு மேலால் அதைத் தள்ளிவிட்டார்.

"நிரோஷா, இத நீ எடு. இனி நீதான் எடுக்கணும்."

நிரோஷா எடுத்தாள். "வணக்கங்க, நான் நிரோஷா பேசுறேன். சேர் ஒரு கஸ்டமரோட இருக்காருங்க."

மஸீனாவின் கண் நிறைந்து போனது. முந்தானையைத் தேடியவள், அபாயா என்று ஞாபகம் வந்து புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

கன்னியாகுமரியில் ஏறினார்கள். அசாம் வரை ஓடுகிற கோச்சி. முழங்காலுக்காகக் கீழ்ப்படுக்கை, வெயில் குறைந்த பக்கத்து ஜன்னல், டப்பாவில் சீனிச்சம்பல், ஒரு சின்னத் தலையணை என்று எல்லாம் கேட்டுக் கேட்டுப் போட்ட திட்டம். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் பெரிது. ஸ்டேஷன் பலகைகளில் எழுத்து மாறிக்கொண்டே போனது. மஸீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் விடியற்காலை, கண் திறக்காமலே அவள் கால் செருப்பைத் தேடியது. தண்ணி கொதிக்க வைக்க எழும்புகிற கால் அது, பழக்கம் விடுமா? பிறகுதான் இருக்கிற இடம் ஞாபகம் வந்து கண்ணைத் திறந்தாள். எதிரே கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணியோடு ஜவாஹிர் உட்கார்ந்திருந்தார். கோச்சி ஆடிய ஆட்டத்தில் பாதி அவர் சட்டையில் இருந்தது.

"வந்துட்டமா?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"இல்ல. இன்னும் பாதி வழிகூட வரல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் காலைத் திரும்பவும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "தேத்தண்ணி ஆறுமே?"

"ஆறட்டும். நீங்க படுங்க. இன்னொண்டு வாங்கித் தாறன்."