பிளாஷ் இல்லாத கேமரா

எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சராக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில், தினமும் பஸ்தான். வீட்டில் அம்மா, நான், மதினி, மதினியின் கைக்குழந்தை. மில்லில் ஃபிட்டராக இருந்த அண்ணன், குழந்தை பிறப்பதற்கு முன்பே துபாய்க்குப் போய்விட்டான். மாடியில் இரண்டு அறை கட்டிவிட வேண்டும், அதற்காகத்தான் போனான். மாடிச் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றிருந்தது.

எனக்கு ஒரு கேமரா மேல் ஆசை வந்திருந்தது. பாடப்புத்தகத்தில் பூவின் படம் வெறும் கோடுகளாக இருக்கும். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனால் ஓடைக்கரை முழுக்க அந்தப் பூக்கள் நிஜமாகவே பூத்துக் கிடக்கின்றன. அவற்றை மலையோடு சேர்த்து ஒரு படம், மகரந்தம் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் போய் ஒரு படம் என்று எடுத்து வகுப்பில் காட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோக்காரரிடம் விசாரித்தேன். அவர் முதலில் ஒரு சின்னக் கேமராவை எடுத்துக் காட்டினார். "இதுல பட்டனை அமுக்கினாப் போதும், படம் விழுந்திரும். ஆனா பூவுக்குக் கிட்டப் போனீங்கன்னா எல்லாம் மங்கிரும்" என்றார்.

"அப்ப கிட்டப் போய் எடுக்கதுக்கு?"

"அதுக்குன்னு தனி லென்ஸ் இருக்கு டீச்சர். நமக்குக் கட்டுபடி ஆகாது. லென்ஸைத் திருகிக் கூர்மை பாக்குற கேமரா ஒண்ணு வாங்குங்க. அதுக்கு முன்னால மாட்டுறதுக்கு க்ளோசப் கண்ணாடி தனியா விக்கும். விலை கம்மி."

"பிளாஷ் வேண்டாமா?"

"வெளியிலதான எடுக்கப் போறீங்க? நம்மூரு வெயிலைவிடவா? அது தண்டச் செலவு."

அவர் சொன்னதை எல்லாம் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை தெருமுனை அரிசிக்கடைக்குப் போன் செய்வான். பேசுகிற நேரம் கொஞ்சம்தான். அந்த முறை அவன், தன்னோடு அறையில் தங்கியிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் லீவில் வருவதாகவும், அவரிடம் ஏதாவது கொடுத்துவிடுவதாகவும் சொன்னான். "என்னட்டி வேணும் உனக்கு?" என்று கேட்டான். நான் கேமராவைச் சொன்னேன். எந்த மாதிரி, எந்தக் கண்ணாடி, பிளாஷ் ஏன் வேண்டாம் என்று பாடம் நடத்துவதுபோலச் சொல்லி முடித்துத்தான் ரிசீவரை மதினியிடம் கொடுத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி, "ம்… நல்லாருக்கா… ஆமா, ஒரு டேப்பு…" என்றாள். லைன் போய்விட்டது.

வருகிற வழியில் என்ன டேப்பு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. பாப்பா இப்ப ஏதேதோ சத்தம் போடுதால்ல. பிடிச்சு அனுப்பினா உங்க அண்ணன் கேப்பாகளேன்னு நெனச்சேன்" என்றாள்.

கேமரா வந்தது. கொண்டுவந்த ஊர்க்காரர் காப்பி குடித்துக்கொண்டே, "டேப்ரெக்கார்டரையும் விலை கேட்டுப் பாத்தாரு. ரெண்டும் முடியாதுன்னு ஆயிப்போச்சு. தங்கச்சி படிச்ச புள்ள, அதுக்கு உபயோகப்படும்னு இதையே வாங்கிட்டாரு" என்று சாதாரணமாகச் சொன்னார். மதினி அடுப்படியில் இருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. வெளியே வந்து, "சோறு வைக்கட்டுமா, சாப்பிட்டுப் போங்க" என்று அவரிடம் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செண்பகத்தோப்புக்குப் போனேன். நினைத்ததெல்லாம் எடுத்தேன். படங்கள் நன்றாகத்தான் வந்தன. வகுப்பில் பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். வீட்டில் மட்டும் அந்தப் படங்களை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஃபிலிம் ரோல் வாங்கி வந்தால் நோட்டுக்கட்டுக்கு அடியில் வைப்பேன். மதினி ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவளோ கேமரா உறையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாப்பாவை எடுக்க முடியுமா? வீட்டுக்குள்ள எடுத்தா இருட்டா வரும்னயே, அதான் இங்க கொண்டாந்தேன்."

இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையை அண்ணன் இன்னும் பார்த்ததில்லை. நான் மலையேறிப் போய்ப் பூக்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தூரத்தில் நின்று, மில் புகைபோக்கியும் மலையும் பின்னால் தெரிய இருவரையும் சேர்த்து எடுத்தேன். மதினி விடவில்லை. "பூவை எடுக்கியே, அப்படிக் கிட்டத்துல எடு. பல்லு முளைச்சிருக்கு பாரு, அதை எடு" என்றாள். க்ளோசப் கண்ணாடியை மாட்டினால் ஒரு விரல்கடை அசைந்தாலே படம் மங்கிவிடும். பூவாவது காற்றுக்குத்தான் ஆடும், குழந்தை சும்மாவே இருக்காது. மதினி தாடையைப் பிடித்துக்கொண்டு, "செத்த நேரம் இரு கண்ணு" என்று கெஞ்சினாள். பல், உள்ளங்கால், உச்சந்தலைச் சுழி, காதுக்குப் பின்னால் இருந்த மச்சம் என்று அவள் காட்டியதை எல்லாம் எடுத்தேன். ரோல் தீர்ந்தது. ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொடுக்கும்போது, "முழுப் பிள்ளை ஒண்ணுலதான் இருக்கு டீச்சர்" என்று சிரித்தார்.

படங்களை அனுப்பிவைத்தோம். அதன் பிறகு வந்த போனில் அண்ணன், "ஏட்டி, அந்த மச்சம் எனக்கும் அதே இடத்துலதான் இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. லைன் இருந்தது, மூச்சுச் சத்தம் கேட்டது. நான்தான் மதினியிடம் ரிசீவரைக் கொடுத்தேன்.

கோடை முடிவதற்குள் அண்ணன் வந்து நின்றான். கடிதமும் இல்லை, போனும் இல்லை, கையில் ஒரு பெட்டி மட்டும். ஒப்பந்தம் முடியுமுன்னே கிளம்பி வந்துவிட்டான். குழந்தை அவனைப் பார்த்து அலறி மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மில்லில் பழைய வேலை கிடைக்கவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலையை வீட்டு முன்னறையிலேயே ஆரம்பித்தான். மாடிச் சுவர் இடுப்பளவிலேயே பாசி பிடித்தது. அம்மா ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நல்லாச் சம்பாரிச்சுக்கிட்டு இருந்தவனைப் படத்தைக் காட்டிக் கூப்பிட்டுட்டே" என்றாள். கேமராவைப் பீரோவின் மேல்தட்டில் தூக்கி வைத்தேன். பள்ளியில் பிள்ளைகள் புதுப் படம் கேட்டால் வெயில் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு சம்பள நாளில் மதினிக்கு ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு போனேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு இது? அதான் ஆளே வந்தாச்சே" என்றாள். நான் அழுதுவிட்டேன். அம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"அத்தை கிடக்காக. நீ மட்டுமா எடுத்தே? தாடையைப் பிடிச்சது நான்தான" என்றாள். டேப்ரெக்கார்டரை ஓரமாக வைத்தாள். "அவுக வரணும்னு நெனச்சுத்தான் மச்சத்தை எடுக்கச் சொன்னேன். உனக்குத் தெரியாது."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெருவில் யாராவது வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழுப்பினால், அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கிறானா என்று அவன் முகத்தைத்தான் கவனிப்பேன்.

ரொம்ப நாள் கழித்து, இரண்டாவது குழந்தையும் பிறந்த பிறகு, ஒரு மாலை அவனிடமே கேட்டேன். முன்னறையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் அந்தப் படத்தை அனுப்பாம இருந்தா நீ இருந்திருப்பேல்ல?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அங்க எனக்கு மொதல்லயிருந்தே இருப்புக் கொள்ளல. அது வராட்டி வேற எதையாச்சும் சொல்லிக்கிட்டு வந்திருப்பேன்" என்றான்.

உண்மையைச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள், "அந்த வயரை மிதிக்காம தள்ளி நில்லுட்டி, கரண்டு வந்திரும்" என்றான். தள்ளி நின்றேன். மூத்தவள் ஓடிவந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள். அவன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.