குவிமாடப் படிக்கட்டில் கோமதி

செய்யாறு சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது குமரேசன் அழைத்தார். எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். ஒரு பெட்டிக்கடை முன்னால் நிறுத்திவிட்டு அழைத்தேன். "கோமதி போய்ட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. வேலூருக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிடிச்சி" என்றார். மனைவி இறந்த வேளையிலும் நான் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதர். 

கோமதியோடு பயணம் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆரணியில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய பயண அலுவலகம் நடத்தினோம். தேவாலயங்களைப் பார்க்க ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவதுதான் முக்கியமான வேலை. நெசவுக் குடும்பத்து இந்துப் பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருவர் அலுவலகத்துக்கே வந்து கேட்டார். "எங்க வூட்டுப் பட்டு எல்லா மதத்துக் கல்யாணத்துக்கும் போவுது. நான் மட்டும் போகக் கூடாதாங்க?" என்றார் கோமதி. கேட்டவர் அடுத்த பயணத்துக்குத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

உலகத்தின் பெரிய தேவாலயங்களை நாம் ஒருவிதமாக அறிந்தால், அவர் வேறுவிதமாக அறிந்திருந்தார். ஸ்பெயினின் செவில் பேராலயத்தில் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். அவர் நம் ஆட்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "மேல பாத்துகினே நடப்பாங்க, அப்போதான் காணாம போவாங்க" என்பார். மிலானில் எந்தத் தூணருகே கூட்டம் பிரியும் என்பது அவருக்குத் தெரியும். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் தரையில், மற்ற பெரிய தேவாலயங்கள் எதுவரை நீளும் என்று குறித்திருக்கிறார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டே, ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் இருக்கும் தேவாலயம்தான் இதைவிடப் பெரிது என்று ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் மறுப்பார். "ரெண்டும் பெருசுதாங்க. சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று கோமதி முடித்துவைப்பார்.

அந்தப் பேராலயத்தின் குவிமாடத்தில் மட்டும் அவர் ஏறியதே இல்லை. கூரைத் தளம் வரை வருவார், அதற்கு மேல் முட்டி வலி என்று நின்றுவிடுவார். குவிமாடம் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு அடுக்குகள் கொண்டது. அவற்றுக்கு நடுவே போகிறது படிக்கட்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். போகப் போகச் சுவர் சாய்ந்துவரும், நாமும் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இறங்கும் வழி வேறு. பாதியில் திரும்ப முடியாது.

நாங்கள் சேர்ந்து போன ஒரு பயணத்தில், கூரைத் தளத்தில் நின்றிருந்தபோது கோமதியின் போன் அடித்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த நம் குழுப் பெண் ஒருவர் பேசினார். "அக்கா, சாமுவேல் சார் படியில உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குது. எழுந்திருக்க மாட்டேங்கறாரு. பின்னாடி இருக்கறவங்க தள்ளறாங்க."

சாமுவேல் சார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சந்தவாசல்காரர். அவர் மனைவி ரெபெக்காள் எங்களோடுதான் நின்றிருந்தார். போனில் பேசியது அவருக்கும் கேட்டுவிட்டது. காவலரிடம் ஓடினேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது கோமதியைக் காணவில்லை. படிக்கட்டின் வாசலில், வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு அவருடைய புடவைத் தலைப்பு உள்ளே போவதைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு போனை யாரும் எடுக்கவில்லை. ரெபெக்காள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி இறங்கும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் இருந்து யார் யாரோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒருவருமே வரவில்லை. "ஏம்மா, ஒருத்தரும் வரலியே" என்றார். உள்ளே வழி அடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே நடந்ததை, போன் செய்த பெண் பிற்பாடு சொன்னார். கோமதி எல்லோரையும் நெருக்கிக்கொண்டு வந்து, சாமுவேல் சாருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பின்னால் இருந்தவர்களைத் தம் முதுகால் தடுத்துவிட்டார். பல மொழிகளில் கத்தினார்களாம். "கத்தறவங்க கத்தட்டும் சார். நீங்க மெதுவா மூச்சு வுடுங்க." சார் அசையவில்லை. சற்றுப் பொறுத்துக் கோமதி, "சார், எனக்கு மூச்சு முட்டுது. என்ன மேல இட்டுகினு போங்க சார்" என்று கையை நீட்டினாராம். சாமுவேல் சார் அந்தக் கையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இருவரும் இறங்கி வெளியே வந்தபோது ரெபெக்காள் அம்மா அழவில்லை. கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். கோமதி ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, "பஸ்ஸுக்கு லேட்டாவுது, ஜல்தியா வாங்க" என்றார்.

தமக்கு மூச்சு முட்டுவதாக நடித்து அவரை எழுப்பிவிட்டாரே, என்ன சாமர்த்தியம் என்று நாங்கள் வியந்தோம். ஒவ்வொரு பயணத்திலும் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரிப்பார்கள். கோமதியும் சிரிப்பார்.

இறுதிச் சடங்குக்குச் சாமுவேல் சார் வந்திருந்தார். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். "நீங்க எல்லாரும் அத தந்திரம்னு சொல்லிகினு இருக்கீங்க. இல்லம்மா. அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்திச்சு. என்னவிட அவங்கதான் நடுங்கினாங்க. நான் இழுத்துகினு போகலன்னா, அவங்க அங்கியே வுழுந்திருப்பாங்க."

அருகில் நின்ற குமரேசனைப் பார்த்தேன். "அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே அடைசலான எடம்னா பயம். பாத்ரூம் கதவுக்குக் கூடத் தாழ்ப்பாள் போட மாட்டா" என்றார்.

அடுத்த குழு விரைவில் ரோமுக்குக் கிளம்புகிறது. இம்முறை நான் தனியாக அழைத்துப் போகிறேன். கோமதியிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய சாமர்த்தியத்தை அல்ல. பயந்துகொண்டே உள்ளே போனதையும், யாருக்கு உதவப் போனாரோ அவரிடமே கையை நீட்டியதையும்தான்.