டெல்லெர்வோ வைத்த கிறிஸ்துமஸ் கஞ்சி

துர்க்கு ஊரில் இருந்த எங்கள் எலும்பு ஆய்வுக்கூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது டெல்லெர்வோதான். எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பண்ணை வீட்டில் வளர்ந்தவள். எலிகளோடு ஓயாமல் பேசுவாள்.

"ஏண்டி, ராத்திரியெல்லாம் தூங்கலியா? மூஞ்சியப் பாரு" என்று கூண்டுக்குள் குனிந்து கேட்பாள். நாங்கள் காபிக் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்போம். என்ன அருமையான நாட்கள் அவை! இப்போது அங்கே போனால் எவனும் சிரிப்பதுகூட இல்லை.

சினைப்பையை எடுத்துவிட்டால், மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் போல எலிக்கும் எலும்பு தேயும். கம்பெனிகள் அனுப்பும் மருந்து அந்தத் தேய்மானத்தைத் தடுக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். அந்தக் குளிர்காலத்தில்தான் முதல் பெரிய வேலை கிடைத்திருந்தது. கால்சியம் குறைந்த தீனி மட்டும் கொடுத்து, தின்பதையும் கழிப்பதையும் அளக்க வேண்டிய கடைசி வாரம் கிறிஸ்துமஸில் வந்து விழுந்தது.

பண்டிகைக்கு முந்தைய நாள் பணி டெல்லெர்வோவுக்கு. அவள் வீட்டில் அன்று பாலில் வெந்த அரிசிக் கஞ்சியைத் தொழுவத்து விலங்குகளுக்கு முதலில் கொடுக்காமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள்.

விடுமுறை முடிந்ததும் எங்கள் தலைவர் ஹெய்மோவிடம் அவளே வந்தாள்.

"எலிங்களுக்குக் கஞ்சி வச்சேன், ஹெய்மோ. ஒரு வாய்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் பால்ல இருக்கற கால்சியம் ஞாபகம் வந்துச்சு."

ஹெய்மோவின் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்துக்கும் ஒரே அளவா வச்சீங்களா?"

"இல்ல. வாடிப்போய் இருந்ததுங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வச்சேன்."

அவ்வளவுதான், எல்லாம் பாழ். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. புது எலி வாங்கி முதல்லேருந்து செய்வோம்" என்றார் ஹெய்மோ.

"என் வேலை கெடக்கட்டும். இதுங்கள என்ன செய்வீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அளவு கெட்ட எலிகளை உயிரோடு வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எலி அறை வாசலில் டெல்லெர்வோ குறுக்கே நின்றாள்.

"நீ போ. என் கையால தின்னதுங்க. வேற யாரும் தொட வேண்டாம்."

நான் வெளியே நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் அழவில்லை. எல்லாம் முடிந்து வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"புதுசுங்க எப்ப வருதுங்க?" என்று கேட்டாள்.