இரண்டு விரல் அகலம்

பிரேம்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்துக்குத் தகுந்த சட்டம் செய்யச் சோம்பலாக இருந்தால், சட்டத்துக்குத் தகுந்தபடி படத்தை வெட்டிவிடுவார். யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன சட்டங்கள் ஏழெட்டு எப்போதும் கடைச் சுவரில் தொங்கும். வருகிற படம் அதில் ஒன்றைவிட ஒரு விரல், இரண்டு விரல் கூடுதலாக இருந்தால், இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரே இழுப்பு. முப்பது வருஷத்தில் ஒரு ஆள்கூட, "என் படத்தோட ஓரம் எங்கய்யா?" என்று கேட்டதில்லை. ஓரத்தை யார் பார்க்கிறார்கள்? இதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

ஒரு நாள் பஸ் டிரைவர் ஒருவர், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்த படம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, சொந்தமா வீடு வாங்கிட்டோம். பதினெட்டு வருஷம் வாடகை வீடு, ஒரு ஓனராவது ஆணி அடிக்க விட்டானா? வீட்டுக்காரி வரைஞ்சது பூரா கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. புது வீட்ல மொத ஆணி அவ படத்துக்குத்தான்னு சொல்லிட்டேன்."

"இப்பவும் வரையறாங்களா?"

"எங்க? நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பக்கம் விழுந்துடுச்சுண்ணே. வலது கை தூக்க வராது. இது அதுக்கு முந்தி வரைஞ்சது."

அவர் போன பிறகு பிரேம்காரர் படத்தை விரித்தார். ஒரு ஜன்னல், அதன் விளிம்பில் இரண்டு டம்ளர், வெளியே வெயில். நல்ல கை. ஆனால் கீழ் ஓரத்தில் மட்டும், ஜன்னலுக்குச் சம்பந்தமே இல்லாமல், நீல நிறத்தில் ஏதோ இழுவியிருந்தது. பறவையென்றும் சொல்லலாம், சும்மா கறையென்றும் சொல்லலாம். ஏதோ பிள்ளை கை வைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். சுவரில் தொங்கிய சட்டத்துக்கும் படம் இரண்டு விரல் கூடுதல். கறையும் போகும், வேலையும் முடியும். ஸ்கேலை வைத்தார், இழுத்தார். வெட்டிய துண்டை நாலாக மடித்து, கண்ணாடி ஆடாமலிருக்கச் சட்டத்தின் பின்பக்க இடுக்கில் சொருகி, மேலே பழுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். கழிவுக் காகிதத்துக்கு அவர் கடையில் அதுதான் வேலை.

பதினோரு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து போகிற வழியில் டிரைவர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"படம் மாட்டியாச்சாண்ணே?" என்று கேட்டார் பிரேம்காரர். தன்னைவிடச் சின்னவர்களையும் அவர் அண்ணே என்றுதான் சொல்வார்.

"மாட்டியாச்சு. ஒரே ஒரு தடவை பார்த்தா. அப்புறம் நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டா. எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதே இல்ல. என்ன தப்பு பண்ணேன்னே தெரியலை." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "படத்தை உங்ககிட்ட குடுத்த வாரம், அவ இடது கை விரல்ல நீலச் சாயம் ஒட்டியிருந்துச்சுண்ணே. யாருக்கும் தெரியாம இடது கையால வரைஞ்சு பார்க்கறாபோல. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன், அவளே காட்டட்டும்னு. இப்ப என்னடான்னா, கலர் டப்பாவத் தூக்கிப் பரண்ல போடச் சொல்லிட்டா."

பிரேம்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீலம்! வாயைத் திறந்தார். "இடம் மாறினா அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிடும்" என்று வந்தது. சொல்லிவிட்டு பசை டப்பாவைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டார். டிரைவர் எழுந்து போகும்வரை நிமிரவே இல்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். சொன்னார்.

"நாலு வருஷமா அசையாம இருந்த மனுஷி ஒரு கோடு போட்டிருக்கா. அதைப் போய்க் கழிச்சுக் கட்டிட்டு, அந்த ஆளு வந்து உட்கார்ந்தப்பவும் வாயத் தொறக்கலையா?"

"எப்படிச் சொல்றது? கடை பேரு என்னாவும்?"

"ஆமா, பெரிய பேரு! எந்திரிச்சுப் போங்க."

போனார். குறடும் பசையும் ஒரு முழ நீளச் சட்டக் கட்டையும் இரண்டு விரல் கூடுதலான கண்ணாடியும் பையில் இருந்தன. டிரைவர் வாங்கிய வீடு சின்னது. கூடத்துச் சுவரில் அந்த ஒரே ஆணி, அதில் அந்த ஒரே படம். அந்த அம்மாள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். டிரைவர், "வாங்கண்ணே, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இவருக்கு உட்காரக் கூசியது.

நின்றபடியே சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். டேப்பைக் கிழித்தார். இடுக்கில் குறடை விட்டு அந்த மடிப்பை இழுத்தார். நாலு மடிப்பும் பிரிந்தபோது, நீலத்தின் குறுக்கே சாயம் உரிந்து வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. அதை அப்படியே அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இதை நான் வெட்டிட்டேன். இருந்த சட்டம் பத்தலை. அதுக்குப் புதுச்சட்டம் பண்ணாம, கறைன்னு நினைச்சு வெட்டிட்டேன். அன்னிக்கே இவர்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

அவள் துண்டை இடது கையில் வாங்கினாள். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. பிரேம்காரரைப் பார்த்து அல்ல, புருஷனைப் பார்த்து.

"அப்ப... நீங்க... வெட்டச் சொல்லலையா?"

"எதை?" என்றார் டிரைவர்.

"அசிங்கமா இருக்குன்னு... நீங்கதான்..."

டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நான் அதைப் பார்க்கவே இல்லையேடி! சுருட்டி வச்சிருந்ததை அப்படியே தூக்கிட்டுப் போனேன். பிரிச்சுக்கூடப் பார்க்கலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன், பிள்ளை மாதிரி அழுதார். இத்தனை நாளும் அவள் அவரை என்னவெல்லாம் நினைத்திருப்பாள்! அத்தனையும் தன் சோம்பலிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது, பிரேம்காரருக்கு யாராவது தன்னை நாலு வார்த்தை ஏசினால் தேவலாம் போலிருந்தது. யாரும் ஏசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, துண்டை ஒட்டி, பக்கச் சட்டங்களில் கட்டை சேர்த்து நீட்டி, கீழ்ச்சட்டத்தை இறக்கிப் பொருத்தினார். அரைமணி வேலை ஒன்றரை மணி பிடித்தது. கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தால் ஒட்டும் தெரிந்தது, மடிப்பும் தெரிந்தது.

"கோடு பளிச்சுன்னு தெரியுதே தங்கச்சி. நீலத்துல லேசாத் தொட்டு மறைச்சிடட்டுமா?"

"தொடாதீங்க. அப்படியே... மாட்டுங்க."

மாட்டினார். அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னாள். டிரைவர் திருப்பினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பரணைக் காட்டினாள். டிரைவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

பிரேம்காரர் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "வர்றேன் தங்கச்சி. அந்தக் கோடுதான்... தெரியுது."

"தெரியட்டும்" என்றாள் அவள். "நீங்க... வர்றப்ப... பார்க்கணும்ல?"