பாஸ்கரனின் ‘ப’வுக்குக் கீழே ஒரு கோடு

போன மாதம் ஒரு காலை, ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் பேசிய இளைஞர், பாஸ்கரன் இறந்துவிட்டார் என்றார். “அப்படி யாரையும் எனக்குத் தெரியாது, தம்பி” என்று வைத்துவிட்டேன். ஆங்கிலக் கோப்பைப் பார்த்து, ‘பல்’லில் வரும் ‘ப’வால் அவர் பெயரைச் சொல்லியிருந்தார். என் நண்பரின் பெயர் ‘பஸ்’ஸில் வரும் ‘ப’வில் தொடங்குவது. அந்த இளைஞர் மறுபடி அழைத்து, “பொகவந்தலாவ டிஸ்பென்சர் ஐயாங்க” என்றபோதுதான் விளங்கியது. எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இந்தப் பிழை புதிதல்ல. பிறப்புப் பதிவில் யாரோ ஆங்கிலத்தில் மாற்றி எழுதியது அடையாள அட்டை வரை தொடர்ந்தது. “நான் பஸ்ல வர்றவன் மாஸ்டர், பல்லுல தொங்குறவன் இல்ல” என்பார்.

தேயிலைத் தோட்ட மருந்தகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமை தோறும் ஹட்டனில் என் வீட்டுக்கு வருவார். ஹோட்டல் வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்களுக்காக ஒரு சிறிய ஆங்கிலச் சொற்புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆங்கில ஆசிரியனாக இருந்த நான், ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று எழுதி அடுக்குவேன். பொருளில் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை. உச்சரிப்பில் ஓய்ந்ததில்லை.

பெரிய அகராதியின் குறியீடுகளை அப்படியே போடலாம் என்றேன். அவர் ஒரு தலைகீழ் எழுத்தில் விரலை வைத்தார். “இது என்ன சத்தம்?” விளக்கப் பக்கத்தைப் பார்த்தேன். ‘அபவுட்’ என்ற சொல்லின் முதல் ஒலி என்றிருந்தது. “அந்தச் சொல்ல எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தானே மாஸ்டர் இதத் தொறந்தோம்? தெரிஞ்சவனுக்கு மட்டும் வெளங்குற மாதிரி எழுதி வச்சிருக்காங்க!” இருந்தும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைவீதியில் விற்கும், உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தரும் ஆங்கில அகராதி அதைவிட மோசம் என்பதை லெட்சுமி காட்டினாள். நுவரெலியா ஹோட்டலில் வேலை பார்த்தவள். குளியலுக்கான சொல்லுக்கும் பாதைக்கான சொல்லுக்கும் அந்த அகராதியில் ‘பாத்’ என்றே இருந்தது. தேயிலைக்குள் நடக்க வெள்ளைக்காரர் ஒருவர் பாதை கேட்க, இவள் மரியாதையாக அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பின்பக்கம் துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். “இனிமே வாயே தொறக்க மாட்டேங்க” என்று பாஸ்கரனிடம் அழுதாளாம்.

அந்த வாரம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதி, ‘பஸ்’ஸின் ‘ப’ வரும் இடங்களில் எழுத்தின் கீழே கோடு போடுவது. அவ்வளவுதான். எனக்குப் பயம். ஆங்கிலத்தில் ‘வ’வுக்கும் ‘வேன்’, ‘வாட்ச்’ என்று இரண்டு ஒலி உண்டே, அதற்கு என்ன செய்வது என்றேன். “எல்லாச் சத்தத்துக்கும் கோடு போட முடியாது மாஸ்டர். அழவச்ச சத்தத்துக்கு மொதல்ல போடுவோம்.” படித்தவர்கள் சிரிப்பார்கள் என்றேன். எழுந்துவிட்டார். “படிச்சவங்க சிரிப்பாங்கன்னு படிக்காதவங்கள அழவைக்கிறீங்க.” தேநீரைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போனார். அடுத்த சனிக்கிழமைக்குள், கோட்டுக்கு எதிராக நான்கு காரணங்களை வரிசையாக எழுதி வைத்தேன். வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார்.

இழவு வீட்டில் லெட்சுமி பால் கலக்காத பிளேன்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். ‘பாத்’ என்று எழுதி, ஒன்றில் மட்டும் கோடு போட்ட இரண்டு அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்த இடத்தில் எடுப்பது சரியா என்று நெடுநேரம் தயங்கினேன். பிறகு நீட்டி, “கோடு இருந்தால் பஸ், இல்லாவிட்டால் பல்” என்றேன். தட்டை இடுக்கிக்கொண்டு உதடுகளை அசைத்துப் பார்த்தாள். இரண்டையும் சரியாகச் சொன்னாள். “இது நடக்குற பாதைங்க. இது குளிக்கிறதுங்க.” பிறகு வாசலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைக் காட்டினாள். “ஐயா பேருக்குக் கோடு போடலீங்களா, மாஸ்டர்?”

என் பேனாவால் போட்டேன். கோடு கோணலாகிவிட்டது.

இப்போது அட்டைகளுக்குக் கோடு போட்டு வருகிறேன். படித்தவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் போகவில்லை. அந்த நான்கு காரணங்களும் தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் புத்தகம் கோட்டோடுதான் வரும். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கோடு ஒன்றுதான்.